கெட்டதுக்கு ஒரு ஃபங்ஷன்

மண்டபத்து விசைப்படகுச் சங்கத் தலைவர் நாகநாதனுக்கு ஒரே ஒரு சொல் ஆகாது. அது ‘இல்லை’. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட “அரிசி நெறஞ்சிருக்கு” என்றுதான் மனைவி சொல்லவேண்டும். அப்படிப்பட்டவரிடம்தான் மாஷிதா, தான் எழுதிய செயலியை விளக்கப்போய் மாட்டிக்கொண்டாள். கடலுக்குக் கிளம்பும் படகுகள் கரையிலேயே பதிவு செய்துவிட்டுப் போவதற்கான செயலி அது.

“படகு நம்பர டேட்டாபேஸ்ல எழுதச் சொல்லுவோம், தலைவரே. எழுதியாச்சுன்னா ஒரு ஃபங்ஷனக் கூப்பிடும், ஒரு குட்டி புரோகிராம்தான். எழுத முடியலைன்னா வேற ஃபங்ஷனக் கூப்பிடும். அது ‘பதிவாகவில்லை’ன்னு காட்டும்.”

“நல்லதுக்கு ஃபங்ஷன் வைப்பாக. கெட்டதுக்கு எவனாச்சும் ஃபங்ஷன் வைப்பானாம்மா?” என்றார் தலைவர். சங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. “கடலுக்குப் போறவன் மூஞ்சிக்கு நேரா, விடியக்காலம் அந்த வார்த்தையச் சொல்லுவியா? நல்ல வார்த்தையாப் போடு.”

இப்படியே ஆறு கூட்டம் நடந்தது. ஏழாவதில் மாஷிதாவுக்கு அலுத்துப்போனது. எந்தப் பிழை வந்தாலும், ஏன், தேடிய படகு பட்டியலில் அகப்படாவிட்டாலும்கூட, கூப்பிய கைகளோடு ‘போய் வாருங்கள்’ என்று காட்டும்படி மாற்றிக் கொடுத்தாள். தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். தலைவர் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்.

ஐப்பசியில் ஒருநாள் டேட்டாபேஸில் இடம் நிரம்பிவிட்டது. காலை ஐந்து மணிக்குப் பிறகு வந்த ஒரு படகையும் அது ஏற்கவில்லை. ஆனால் கைகூப்பி வழியனுப்பும் மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் கிடையாது. அந்த மரியாதையில் பூரித்துப்போய்ப் படகேறியவர்களில் தலைவரின் மகன் பாண்டீஸ்வரனும் ஒருவன்.

மதியம் காற்று முறுக்கிக்கொண்டது. பட்டியலில் இருந்த படகுகளை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கரைக்குத் திருப்பினார்கள். பட்டியலில் விட்டுப்போன மற்றவர்களும் ஒவ்வொருவராய்த் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்ந்தும் பாண்டீஸ்வரனை மட்டும் காணவில்லை. தேடுவதற்குப் படகு அனுப்பச் சொல்லித் தலைவர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கெஞ்சினார். அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“உங்க சங்கத்து ஆப்புதானே? பட்டியல்ல நம்பரக் காட்டுங்க, அனுப்புறோம். பட்டியல்ல வராத படகு கரையிலதான் கெடக்குன்னு அர்த்தம்.”

தலைவர் மாஷிதாவின் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“ஏம்மா, எம் மகன் படகு அங்கன பதிஞ்சிருக்கா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னே சொல்லிரும்மா!”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டாள். மாஷிதாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. படகு எண்ணை அடித்துத் தேடினாள்.

திரையில் கூப்பிய இரண்டு கைகள் தோன்றின.

‘போய் வாருங்கள்.’