சக்கரத்தை வைத்து அளந்த வால்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று எடுத்துக்கொண்டது. முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

சீனத்தின் வடகிழக்கில், வருஷத்தில் ஐந்து மாதம் ஆறு உறைந்து கிடக்கும் ஒரு நகரம். [பெயரை எழுதி அடித்துவிட்டேன். போர் விமானம் வரைகிறவர்களின் குடியிருப்பு அங்கே இருக்கிறது, அதற்குமேல் வேண்டாம்.] நான்காம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு மியாவ் சூச்சினுடையது. வயது ஐம்பத்தொன்று. ரேடாரின் கண்ணுக்குச் சிக்காத விமானம் ஒன்றுக்கு வால் வரைந்தவள்.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

சூச்சின் அந்தப் புள்ளியை வைத்தபோது வெளியே பனி

விமானம் விழுந்த வயலில் வால் மட்டும் தனியே

வியாழக்கிழமை பிற்பகல் தோங் பெரியவர் உறைந்த பேரிக்காய்ப் பையோடு படியேறி வந்தார்.

மூன்றாவதே நிற்கட்டும்.

2

தோங் பெரியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மகன் யீஹாங் அந்த விமானத்தைச் சோதனைக்கு ஓட்டி நவம்பரில் செத்துப்போனான். துக்கம் விசாரிக்கத் தொழிற்சங்கம் பழமும் எண்ணெயும் கொடுத்துச் சூச்சினைத்தான் அனுப்பியது. அன்றுமுதல் வியாழன்தோறும் அவர் வருகிறார். கல்லாக உறைந்த பேரிக்காயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அது இளகும்வரை உட்கார்ந்திருப்பார். இளகியதும் சாற்றை உறிஞ்சிவிட்டு ஐந்தரை மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார்.

கேட்பது ஒன்றுதான். விமானத்தின் கைப்பிடியை மகன் அவசரமாக இழுத்ததால் விபத்து என்று அறிக்கை வரப்போகிறதாமே, அது நிஜமா?

“முப்பத்தொரு வருஷம் ஓட்டுனேன் இஞ்சினியரம்மா. ஸ்டீரிங் பக்கத்துல டீ கிளாஸ் நிக்கும், ஒரு சொட்டு சிந்தாது. எம் மவன் அந்த பஸ்லதான் வளந்தான். வெடுக்குனு பிரேக் போட்டா அவனுக்கே ஆவாது. அவனா அவசரப்பட்டான்?”

சூச்சினுக்குப் பதில் தெரியும். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரைபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இது புரியாவிட்டால் அவள் மௌனமும் புரியாது.)

சாதாரண விமானத்தின் வாலில் ஒரு துண்டு மட்டும் கதவுபோல அசையும். ரேடாருக்கு மறைகிற சிலவற்றில் வால் முழுதும் ஒரே பலகை. ஒற்றைத் தண்டின்மேல் முழுசாகத் திரும்பும். தண்டு அதன் இடத்தில் இருக்கவேண்டும். பின்னால் தள்ளிப்போய்த் தண்டுக்கு முன்னால் பரப்பு கூடிவிட்டால், வேகத்தில் காற்று அதைப் பிடித்துத் திருப்ப, வால் கொடித்துணிபோலப் படபடத்துப் பிய்ந்துவிடும்.

தண்டின் இடத்தைச் சூச்சினின் பிரிவு எங்கிருந்து எடுத்தது? வேறொரு நாட்டு விமானத்தின் புகைப்படத்திலிருந்து. அலுவலகத்தில் அதற்குச் செல்லப்பெயர் ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை’. மதிப்பெண் குறைந்தவனிடம் தாய் தினமும் சுட்டிக்காட்டுவாளே, அந்தப் பிள்ளை. அதன் சக்கரத்தின் அளவு பத்திரிகையில் வந்திருந்தது. படத்தைச் சுவரளவு பெரிதாக்கி, சக்கரத்தையே அளவுகோலாக வைத்து, மூக்கிலிருந்து வால்வரை அளந்துவிடுவார்கள். அதில் கைதேர்ந்தவர்கள்.

வாலின் அடியில் புடைத்த மூடி ஒன்று தெரிந்தது. மூடி இருந்தால் உள்ளே தண்டு இருக்கும். இருந்தால் மூடியின் நடுவில் இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே பென்சில் புள்ளி வைத்தவள் சூச்சின். வேகமாகக் காற்று ஊதும் அறையில் சோதித்த சின்ன மாதிரி கெட்டி இரும்பு, அதனால் அது படபடக்கவில்லை.

யீஹாங் இறந்த மூன்றாம் வாரம், எங்கோ ஒரு கண்காட்சியில் யாரோ எடுத்த படம் இணையத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூடி கழற்றி நிற்கிறது. தண்டு மூடியின் முன்னோரத்தில் இருந்தது. சூச்சின் சக்கரத்தை வைத்து அளந்தாள். அவள் வைத்த புள்ளி நான்கு விரல் பின்னால்.

வால் படபடத்ததும் யீஹாங் கைப்பிடியை இழுத்தது வேகத்தைக் குறைக்கத்தான். சரியாகத்தான் இழுத்திருக்கிறான்.

4

பிரிவுத் தலைவர் லுவான் அவளைவிட இளையவர். படத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“முழுக்க நம்ம சொந்த வடிவம்னு எழுதிக் கொடுத்திருக்கோம்க்கா. பாக்கவே இல்லன்னு சொன்ன படத்தைத் தப்பாப் பாத்துட்டோம்னு எப்படி எழுதுவீங்க?”

பிறகு சிரிக்க முயன்று, காப்பியடித்தால் அவன் செய்த தப்பும் கூடவே வரும் என்பார்கள், நமக்கு அவன் சரியாகச் செய்ததே தப்பாக வந்திருக்கிறது என்றார். அவள் சிரிக்கவில்லை.

யீஹாங்மேல் பழிபோடும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் வால் அவள் பொறுப்பிலேயே இருக்கும். இரண்டாவது விமானம் ஏப்ரலில் பறக்கிறது. ‘எடைக் குறைப்பு’ என்று தலைப்புப் போட்டுத் தண்டை நான்கு விரல் முன்னே தள்ளிவிடலாம். போடாவிட்டால் அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றுவார்கள்; வேறு யார் தண்டைத் தொட்டாலும் ஏன் தொட்டாய் என்ற கேள்வி வரும். யாரும் தொடமாட்டார்கள். அந்த இரண்டாவது விமானத்தில் உட்காரப் போகிறவனுக்கு இருபத்தெட்டு வயது. [அவன் பெயரும் தெரியும். எழுதினால் என்னால் மேலே போகமுடியாது.]

5

முதல் பிரதியில் சூச்சினைக் கோழையாக எழுதியிருந்தேன். ஓய்வூதியத்துக்குப் பயந்தவள் என்று இரண்டு பக்கம்.

ஜனவரியில் ஒருநாள், வெளியே மைனஸ் இருபது, எதிர்வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கடன் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். கம்பளிக் கோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அட்டையில் வெட்டிய வால். பின்னல் ஊசிதான் தண்டு. விசிறிக்கு முன்னால் பிடித்தால் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. ஊசியை உருவி முன்னே குத்தினாள். நின்றது. மறுபடி பின்னே குத்தினாள். அடித்துக்கொண்டது. இப்படியே. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். நானும் மூடியைப் பார்த்து நடுவில் புள்ளி வைத்திருக்கிறேன்.

6

முடிவுகள்.

கையெழுத்துப் போட மறுத்து, இரண்டு படங்களையும் கோப்பில் வைக்கிறாள். கோப்பு மேலே போகிறது. திரும்பி வரும்போது அந்தத் தாள்கள் இல்லை, பக்க எண்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. ஏப்ரலில்

வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரியவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, ஏப்ரல்வரை வெளியே விடாதீர்கள் என்று கேட்கிறாள். மகன் பெயரில் கறையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் அத்தனை மாதம் வாயைக் கட்டுவாரா? மறுநாளே அலுவலக வாசலில் அட்டை பிடித்து நிற்பாரா? தெரியவில்லை. அவரையும் நான் மூடியோடுதான் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், அவசரப்பட்டான் என்கிறாள். அந்த இருபத்தெட்டு வயசுக்காரன் பிழைக்கிறான், ஏன் பிழைத்தோம் என்று அறியாமலே. பெரியவர்

7

இது கடைசி வியாழன். நாளை கையெழுத்து. கிண்ணத்தில் பேரிக்காயைச் சுற்றிப் பனி ஓடு கட்டியிருக்கிறது. பெரியவர் அதைக் கட்டைவிரலால் உடைக்கிறார். உள்ளே கறுத்து, குழைந்து, பழம் தயார்.

“ஒரே வார்த்த போதும்மா. ஆமாவோ, இல்லையோ. அப்பறம் வந்து தொந்தரவு பண்ணமாட்டேன்.”

சூச்சின் நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்பது என் கதவுவரை கேட்கவில்லை. இட்டுக்கட்டி எழுத எனக்குக் கை வரும். ஆனால் ஒருமுறை தப்பான இடத்தில் புள்ளி வைத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்போது தண்டு இருந்த இடம் தெரியும், என் மக்களே. அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. மணி ஐந்து இருபது. அவர் எழுந்து தொப்பியைத் தேடுகிறார்.