பெல்டன் துரை பர்லோ போனார்

ஆற்றங்கரையில் இருந்த ஓர் அரசாங்க ஆபீசில் மருதப்பன் பன்னிரண்டு வருஷமாகப் பியூன். மணியடித்தால் ஓடுவது, கடிதக் கட்டுகளைச் சுமப்பது, மழை பெய்தால் பெல்டன் துரைக்குக் குடை பிடிப்பது என்று பகல் முழுவதும் போய்விடும். சாயங்காலம் சிராங்கூன் சாலைக்குத் திரும்பிவிட்டால் அவன் பியூன் இல்லை. இங்கிலீஷ் தெரிந்த பெரிய மனிதன். யாருக்குக் கடிதாசி வந்தாலும், சுவரில் எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் மீசையை ஒதுக்கிக்கொண்டு எழுத்தை மேலும் கீழும் பார்த்து ஏதோ ஓர் அர்த்தம் சொல்லிவிடுவான். தெரியாது என்று மட்டும் சொல்லிப் பழக்கமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் மார்ச் மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் படுத்திருந்துவிட்டு ஆபீசுக்குப் போனால் பெல்டன் துரையின் அறை பூட்டிக் கிடந்தது. தலைமைக் குமாஸ்தா டிவிட்டிடம் விசாரித்தான். டிவிட் மலாக்காவில் பிறந்த சட்டைக்காரர். வெள்ளைக்காரரும் இல்லை, நம்மவரும் இல்லை. பியூன்களிடம் மலாயில் பேசுவார். எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "பெல்டன் துரை பர்லோ போய்விட்டார். துரைசானியும் பிள்ளைகளும் கூடவே" என்றார்.

பர்லோ என்ற சொல்லை மருதப்பன் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அவன் மூளை வேகமாக வேலை செய்தது. வெள்ளைக்காரர்களுக்கு நம் சொற்கள் முழுதாக வாயில் நுழையாது. தூத்துக்குடியை டூட்டிகொரின் என்பார்கள். திருச்சிராப்பள்ளியைப் பாதியில் வெட்டி டிரிச்சி என்பார்கள். வாலைக் கடித்துத் துப்பிவிடுவது அவர்கள் வழக்கம். அப்படியானால் பர்லோ என்பது என்ன? பரலோகம்.

அவன் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். டிவிட்டுக்கு மனம் இளகிவிட்டது. எழுந்து வந்து தோளைத் தட்டினார். துரை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார், அங்கே வெயில் இல்லை, கொசு இல்லை, பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்து நிம்மதியாக இருப்பார் என்று ஆறுதல் சொன்னார். "நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை, மருதப்பன்" என்று பெருமூச்சும் விட்டார். சட்டைக்காரர்களின் பக்தியை நினைத்து மருதப்பனுக்கு இன்னும் அழுகை வந்தது.

சாயங்காலம் தேக்கா பக்கம் அஹமது கபீரின் சர்பத் கடையில் விஷயத்தைச் சொன்னான். எப்படிப் போனார் என்று கபீர் கேட்டார். தெரியாது என்று சொல்ல முடியுமா? வாந்திபேதி என்றான். குடும்பத்தோடா என்று கேட்டார். ஒரே ராத்திரியில், என்றான். அடுத்த கடை நாவிதர் முத்துசாமி கத்தியும் கையுமாக எழுந்து வந்தார். பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று அவர் கேட்க, மருதப்பன் மீசையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். கதவைத் திறந்த அன்னம்மா, கட்டிய புருஷன்தானா என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். மறுநாள் காலையில் இருவருமாக சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் துரையின் பெயருக்கு மோட்ச விளக்கு ஏற்றினார்கள். பெயரைக் கேட்ட குருக்கள் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து டிவிட் ஒரு தாளைக் கொடுத்து எல்லாத் துரைமார்களிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். என்ன தாள் என்று கேட்டதற்கு, இனி யார் யார் எந்த மாதம் பர்லோ போவது என்ற பட்டியல் என்றார்.

மருதப்பன் தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனான். முதல் அறைத் துரை தன் பெயரைப் பார்த்ததும் சீட்டியடித்தார். அடுத்தவர், தனக்கு டிசம்பர் வேண்டாம், மே மாதமே போக வேண்டும் என்று பக்கத்து அறைக்காரரோடு சண்டைக்கு நின்றார். மூன்றாமவர் மூட்டைகூடக் கட்டிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். சாவை இப்படிப் போட்டி போட்டுக் கேட்டு வாங்கும் மனிதர்களை மருதப்பன் பார்த்ததே இல்லை. இத்தனை பெரிய ராஜ்யத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது டிவிட் அவனை உற்றுப் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவன் முகம் தேறவே இல்லை. பன்னிரண்டு வருஷம் உழைத்தவன். விதிப்படி அவனுக்கும் பாக்கி இருக்கிறது. பெல்டன் துரையின் இடத்துக்கு வந்த புதுத் துரையும் இரக்கமுள்ளவர்.

"உனக்கும் பர்லோ எழுதட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார்.

மருதப்பன் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஐயா, எனக்கு முப்பத்தாறு வயசுதான் ஆவுது. பொண்டாட்டி இருக்கா. வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"உன் முறைக்கு இன்னொருவர் போக முடியாது. மூன்றே வாரம்தான்."

"போனா திரும்பி வரலாமா?"

"வராவிட்டால் வேலை போய்விடும்" என்றார் டிவிட்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் வெளியே வர ஒரு நாழிகை ஆயிற்று. மோட்ச விளக்குக்கு வந்தபோது டிவிட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிதானமாக விளக்கினார். பர்லோ என்றால் நீண்ட சுட்டி, அவ்வளவுதான்.

சுட்டி என்றால் மருதப்பனுக்குத் தெரியும். மலாய்க்காரர்கள் விடுமுறையை அப்படித்தான் சொல்வார்கள். அதையே முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். பியூன் போனால் சுட்டி, துரை போனால் பர்லோ என்றார் டிவிட். சுட்டியும் வடக்கத்திச் சிப்பாய்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுப்போன சொல்தானாம். பர்லோவும் இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சொல் இல்லை. டச்சுக்காரர்களிடம் எடுத்தது. டிவிட்டின் டச்சுப் பாட்டனார்கள் வெர்லோஃப் என்பார்கள். அனுமதி என்று பொருள். பட்டாளத்துக்காரன் வீட்டுக்குப் போக மேலதிகாரி கொடுக்கும் அனுமதி. இங்கிலீஷ்காரர்கள் வாங்கிக்கொண்டு, நாளாவட்டத்தில் கடைசியில் இருந்த ஃப் சத்தத்தை விழுங்கிவிட்டார்கள்.

"அப்ப வாலைக் கடிச்சது நெசந்தானே, ஐயா" என்றான் மருதப்பன். டிவிட் மறுக்கவில்லை.

மூன்று வாரம் கிடைத்தது. கபீரிடமும் முத்துசாமியிடமும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, துரை பிழைத்துக்கொண்டார், விளக்கு ஏற்றிய பலன் என்று சொல்லிவிட்டான். கபீர் சந்தோஷப்பட்டு எல்லாருக்கும் சர்பத் கொடுத்தார். அன்னம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, அதன் வால் எப்படிப் போனது என்று இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

முதல் வாரம் மருதப்பன் ராஜாவாக இருந்தான். எட்டு மணிக்கு எழுந்தான். பாயிலேயே காப்பி கேட்டான். மத்தியானம் வறுவல் வேண்டும் என்றான், நாலு மணிக்குப் பஜ்ஜி வேண்டும் என்றான். ஆபீசில் மணியடித்தால் ஓடியவன் வீட்டில் கையைத் தட்டினான். எட்டாம் நாள் காலையில் அவன் கை தட்டியபோது அன்னம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் துணி மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"நான் பர்லோ போறேன்" என்றாள். "சவுத் பிரிட்ஜ் ரோட்டுல எங்க அக்கா சந்திரமதி வீட்டுக்கு. பத்து நாளு."

மருதப்பன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். பர்லோ என்றால் அனுமதி, அதை யாராவது கொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னான்.

"அந்த அனுமதியைத்தான் இங்கிலீஷ்காரன் வாலோட முழுங்கிட்டானே" என்று சொல்லிவிட்டு அவள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள்.

அன்று சோறு அடிப்பிடித்தது. மறுநாள் குழைந்தது. நாலாம் நாள் விரலைச் சுட்டுக்கொண்டான். ஐந்தாம் நாள் விடிந்ததும் குளித்து, பியூன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறதே, இங்கே என்ன வேலை என்று டிவிட் ஆச்சரியப்பட்டார்.

"போதுங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு, மணிக்குப் பக்கத்தில் இருந்த தன் முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான்.