வளர்மதி நிற்கும் இடம்

முத்தமிழ்செல்வன் பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரிடம் பல் செட் செய்து தருபவர். கிளினிக்கின் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் அவருடைய லேப். மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, ராவி, மெருகேற்றியது போக மிஞ்சும் நேரத்தில் விமானம் செய்வார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது. நிஜ விமானத்தின் நீளத்தை எழுபத்திரண்டால் வகுத்தால் என்ன வருமோ, அதுதான் அளவு. லேப் அலமாரியில் பல் அச்சுகளுக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நின்றன.

கடைவாய்ப்பல்லுக்குக் கவர் போட வந்த செங்கமலம் திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். குன்னம் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர்.

“இதெல்லாம் நீங்க செஞ்சதா சார்?”

“ஆமாங்க.”

“எம் பொண்ணு வளர்மதி ஏர்போர்ஸ்ல இருக்கா. அக்னிவீர்ல சேந்தா. அஸ்ஸாம் பக்கம் போட்டுருக்காங்க. ரெண்டு பக்கமும் பெரிய காத்தாடி வச்ச பிளேனாம், சாமான் ஏத்துறது. அதுல இஞ்சின் வேலை பாக்குறேங்கிறா. போன்ல எவ்வளவு சொன்னாலும் எனக்குக் கண்ணுல நிக்க மாட்டேங்குது. போட்டோ அனுப்புடின்னா அங்க எடுக்கக் கூடாதாம். அந்தப் பிளேன் ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?”

முத்தமிழ்செல்வன் ஒப்புக்கொண்டார். எந்த விமானம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை வரவழைத்து, மெனக்கெட்டு ஒட்டி, இணைப்புக்கோடு தெரியாமல் ராவி, சாம்பல் நிறத்தை மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தார். அவர் செய்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை என்று அவருக்கே தோன்றியது.

செங்கமலம் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கை வைக்கவில்லை.

“அழகா இருக்கு சார்” என்றார். பிறகு தயங்கி, “பஸ் ஸ்டாண்டுல நின்னு பஸ்ஸைப் பாக்குற மாதிரி இருக்கு. எம் பொண்ணு கைய விட்டு வேலை செய்ற எடம் எதுங்க?”

முத்தமிழ்செல்வன் இறக்கைக்கு மேலே புடைத்திருந்த எஞ்சின் உறையைக் காட்டினார்.

“இது தொறக்காதா?”

“தொறக்காதுங்க. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் கூடு.”

செங்கமலம் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் முத்தமிழ்செல்வனை வீடு வரை தொந்தரவு செய்தது. இத்தனை வருடமாகச் செய்த எல்லாமே வெறும் கூடுகள்தானே என்று முதல்முறையாக நினைத்தார். வெளியே குறை தெரியக் கூடாது என்று உயிரைக் கொடுத்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

மறுநாள் பல் ராவும் மெஷினில் மெல்லிய தகட்டை மாட்டி, பெயிண்ட் அடித்த உறையை அறுத்தார்.

எஞ்சினுக்கு எந்தப் பெட்டியிலும் பாகம் கிடைக்காது. எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டியிருந்தது. பழைய விமானங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடங்களில் ஆட்கள் எடுத்துப் போட்ட படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எஞ்சினின் உடலைப் பல் செட்டுக்கான பிளாஸ்டிக்கில் வார்த்தார். ஊசிக் குழாயை அறுத்துப் பெரிய குழாய்கள் செய்தார். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளில் பட்டைகள் வெட்டினார். கெட்டுப்போன சார்ஜர் வயரைப் பிரித்து ஒவ்வொரு செம்பு இழையாக வளைத்தார். இந்த அளவில் ஒரு தலைமுடி கிட்டத்தட்ட பென்சில் பருமனுள்ள குழாய். ஒரு இழை தடித்துப் போனாலும் கண்ணுக்கு உறுத்தியது. பிய்த்துவிட்டுத் திரும்பச் செய்தார். திறந்த உறைக்குப் பக்கத்தில் சாய்க்க ஒரு ஏணியும் செய்தார்.

வளர்மதி லீவில் வந்தபோது செங்கமலம் அவளை நேராக லேபுக்கே கூட்டி வந்தார். தோள் அகன்ற, சிரித்த முகமான பெண். விமானத்தைப் பார்த்ததும் குனிந்தாள். நிமிர வெகு நேரமானது.

“சார், இந்த வயரையெல்லாம் எதுல பண்ணீங்க?”

“சார்ஜர் வயர்மா. சரியா வந்துருக்கா?”

“அதை நான் சொல்லக் கூடாது சார்” என்று சிரித்தாள். “ஆனா பாக்கும்போது கையில கிரீஸ் வாசம் வருது.”

செங்கமலம் மகள் பக்கத்தில் வந்து நின்றார். “நீ எங்க நிப்ப?”

வளர்மதி சுண்டுவிரல் நகத்தை இறக்கையின் மேல் வைத்தாள். “இங்க.”

“இம்மாம் ஒசரத்துலயா? காத்தாடி பக்கத்துலயே இருக்கேடி.”

“அது அப்ப சுத்தாதும்மா. கட்டிப் போட்டிருப்போம்.”

“புடிச்சுக்க ஒண்ணையுமே காணோமே.”

“பெல்ட் மாட்டிக்குவோம்.”

“எறங்கும்போது?”

வளர்மதியின் நகம் மெல்ல நகர்ந்து ஏணியின் நடுப்படியில் நின்றது.

“போன டிசம்பர்ல நல்ல பனிம்மா. இந்தப் படியில வழுக்கிருச்சு. கணுக்கால்ல சின்ன முறிவு. இப்ப சரியாயிருச்சு.”

“பொங்கலுக்கு லீவு கெடைக்கலன்னு சொன்னியே?”

“வந்திருந்தா நொண்டுறதைப் பாத்திருப்ப.”

“ஒரு வார்த்தை சொல்லலியேடி.”

“எப்படிம்மா சொல்றது? ஏணியிலேர்ந்து வுழுந்தேன்னா நீ நம்ம வூட்டு ஏணிய நெனச்சுக்குவ. இல்லாட்டி பறக்குற பிளேன்லேர்ந்து வுழுந்த மாதிரி அழுவ.”

முத்தமிழ்செல்வனுக்கு அறையில் இருப்பதா வெளியே போவதா என்று தெரியவில்லை. அந்த உறையை அறுக்காமலே விட்டிருக்கலாமோ? மூடியிருந்தவரை இந்த அம்மாவுக்கு உருவமில்லாத பயம்தான் இருந்தது. இப்போது அதற்கு உயரமும் படியும் வந்துவிட்டன. ஏணியை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினார்.

“இருக்கட்டும் சார்” என்றார் செங்கமலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார். படியையும் கீழே தரை இருக்கும் தூரத்தையும் பார்த்தார். “வுழுந்தப்ப யாரு தூக்குனா?”

“ஜஸ்லீன்னு ஒரு பொண்ணும்மா. பஞ்சாப். கீழ நின்னுகிட்டிருந்தா. பாதி என்னைப் புடிச்சுட்டா, இல்லாட்டி காலு இன்னும் மோசமாயிருக்கும். பதினஞ்சு நாளு சாப்பாடும் அவதான் கொண்டாந்து குடுத்தா.”

செங்கமலம் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. திரும்பவும் சொன்னார்.

“சார், ஆளு செய்ய வருமா உங்களுக்கு?”

“மெழுகுல செஞ்சு அச்சு எடுக்கலாம்ங்க.”

“அப்ப இவளை மேல வைங்க. அந்தப் பொண்ணைக் கீழ, ஏணிகிட்ட வைங்க.”

முத்தமிழ்செல்வன் விளக்கைப் பற்றவைத்து மெழுகுத் துண்டைச் சூட்டில் காட்டினார். இந்த அளவில் ஒரு ஆள் விரலின் ஒரு கணு உயரம்தான் வரும். வளர்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவ என்னைவிட ஒசரம் சார். தலையில துணி கட்டியிருப்பா.”

“கையை நல்லா வலுவா செய்ங்க” என்றார் செங்கமலம்.