போர்க்குழாயில் குளோரின் வாடை

சாயத் தொழிற்சாலையின் பின்சுவரையொட்டி, நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே போட்ட இரண்டு போர்க்குழாய்கள். முதல் மூடியைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது. மண்ணுக்கடியில் யார் போய்க் குளோரின் கலந்தார்கள்?

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. இந்தத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தால், தெருவுக்கு வரும் குடிநீர் லாரி நின்றுவிடும். மறுபடி எல்லோரும் அடிபம்புத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மாதிரி எடுக்க ஆய்வுக்கூடம் என்னைத்தான் அனுப்பியிருந்தது.

"பளிங்கு மாதிரி இருக்கு பாருங்க, மேடம். சட்டுனு பாட்டில்ல புடிச்சா வேலை முடிஞ்சுது," என்றார் மேனேஜர். வாயெல்லாம் பல்.

பக்கத்தில் நின்ற பம்ப் ஆபரேட்டர் என் சித்தப்பா.

"சித்தப்பா, இதுக்குள்ள நகராட்சித் தண்ணி விட்டீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் சுவிட்ச் போடுறவன்."

பதில் எனக்கு, பார்வை மேனேஜருக்கு. சித்தப்பாவும் எங்கள் தெருதான். சித்தியின் கைகளில் ஆறாத புண். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மனுஷன்.

தேங்கிய நீரை இறைத்துக் கொட்டி, உப்பைக் காட்டும் மீட்டரில் எண் அசையாமல் நின்ற பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். பம்பைப் போடச் சொன்னேன். எண் ஏறிக்கொண்டே போனது.

"இன்னும் எவ்வளவு நேரம்? கிணறா வெட்டுறீங்க?" என்றார் மேனேஜர்.

"ஆமா. பூதம் வர்ற வரைக்கும்."

பம்ப் நின்றது.

"கரண்ட் போயிருச்சு," என்றார் சித்தப்பா. காவலாளி அறையில் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் குழலை இறக்கி, கையாலேயே இறைத்தேன். உள்ளங்கை எரிந்தது. ஒருவழியாக எண் நின்றபோது, கத்திரிப்பூ நிறத்தில் வந்தது தண்ணீர். பாட்டில்களை நிரப்பி, முத்திரை வைத்து, பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டேன். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

சித்தப்பா கிட்டே வந்தார். "ரெண்டாவதுலயும் விட்டிருக்கேன்மா. விடியறதுக்குள்ள ரொப்பச் சொன்னாங்க. அதையும் நல்லா இறைச்சுட்டு எடு. கயித்தக் கொடு, கை புண்ணாயிருச்சு உனக்கு. நான் இழுக்கிறேன்."

மனசு மாறிவிட்டாரா? இல்லை, குழலை உள்ளே நழுவவிடச் சொல்லி உத்தரவா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"தள்ளி நில்லுங்க, சித்தப்பா," என்றேன். கயிற்றை விடவில்லை.