நாலு மணிக்கு உருண்டை பேசும்

நாதஸ்வரம் வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அதனால் வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

மகள் தனுஜாவுக்கு நிச்சயதார்த்தம். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே ஞாயிறு பிற்பகல் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்காரவே இடம் போதாது, இதில் மேளக்காரர்களை எங்கே உட்கார வைப்பது? "உருண்டையில போட்டுக்கலாம்மா" என்றாள் தனுஜா.

உருண்டை என்று நாங்கள் சொல்வது, பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் எனக்கு விழுந்த ஸ்மார்ட் ஸ்பீக்கரை. தேங்காய் அளவு இருக்கும். சமையலறை அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டுப் போடும், மழை வருமா என்று சொல்லும், சொன்ன நேரத்துக்குச் சொன்னதை ஞாபகப்படுத்தும். அதில் நாதஸ்வரத்தைப் போட்டுப் பார்த்தோம். கூடத்துக்கு எட்டவில்லை. "இது நாதஸ்வரமா, கொசுவா?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உடனே தனுஜா கீழ்மாடி மோகனராஜிடம் போய், அவர் கராவோக்கே பாடும் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பு உயரம். அதன் முதுகில் ஒரு பொத்தானை நீல விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்தாள். உருண்டையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கனெக்டெட்" என்று உருண்டை சொன்னது. ஆனால் குரல் சமையலறையில் கேட்கவில்லை, கூடத்தில் இடி இடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புளூடூத்மா. வயரே வேணாம். இனிமே உருண்டை என்ன பேசுனாலும் அதுலதான் கேக்கும்" என்று சிரித்தாள் தனுஜா. நானும் சிரித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் கனம் மடியில் இல்லை. இடது மார்பில் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் குளிக்கும்போது கையில் பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. கிளினிக் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஜி.எச்.சுக்குக் கடிதம் எழுதினார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னைக் கொன்றது. ஜி.எச்.சில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் வரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். ஊசியால் குத்தி அதில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்களாம்.

தனுஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணத்தையே தள்ளிப் போடுவாள், அவள் அப்பா இறந்தபோது படிப்பைத் தள்ளிப் போட்டவள்தானே. என் கைப்பேசியை அவள் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள் என்பதால் அதிலும் குறித்து வைக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து உருண்டையிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்: "ரிமைண்ட் மீ சண்டே ஃபோர் ஓ கிளாக். டுமாரோ எய்ட் ஓ கிளாக், ஜி.எச்., கட்டி டெஸ்ட், டோண்ட் ஈட்." கட்டிக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிய சீட்டிலேயே இருந்தது. அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு நாலு மணிக்குத் தனுஜா டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருப்பாள், நான் தனியாக இருப்பேன் என்பது கணக்கு. நிச்சயம் அடுத்த மாதம் என்றுதான் அப்போது பேச்சு. பிறகு மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் தேதியை முன்னால் இழுத்துவிட்டார். சேலை, பூ, சாப்பாடு என்று அலைந்ததில் உருண்டையிடம் சொன்னதை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

மாப்பிள்ளை கோகிலன் தங்கமான பையன். நான் பயந்தது அவன் அம்மா மனோரஞ்சிதத்துக்குத்தான். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருந்து பெண் பார்க்க வந்த அன்று, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "வீட்டுல யாருக்கும் பெரிய வியாதி வெக்கை கிடையாதுல்ல?"

"கிடையாதுலா" என்றேன். ஜி.எச். சீட்டு என் கைப்பையில் இருந்தது.

ஞாயிறு வந்தது. மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு மூன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். உருண்டை சமையலறையில் நாதஸ்வரத்தைப் போட, கூடத்தில் பெரிய ஸ்பீக்கர் முழங்கியது. கணவர் இல்லாதவள் என்பதால் நான் சபைக்கு முன்னால் நிற்கவில்லை. தாய்மாமன் முறையில் என் அண்ணன் பிச்சைமுத்து உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் கேசரித் தட்டோடு நின்றேன்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும். சரியா நாலு மணிக்குத் தட்டு மாத்திரலாம்."

நாலு மணி. அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் உருண்டையிடம் சொல்லி வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. கேசரித் தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

சமையலறைக்குள் ஓடி அலமாரிக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், உருண்டையின் பெயரை முணுமுணுத்தேன். கூடத்தில் நாதஸ்வரம் சட்டென்று அடங்கியது. நான் கூப்பிட்டால் அது பாட்டைத் தாழ்த்திக்கொண்டு காது கொடுக்கும், அதை நான் யோசிக்கவே இல்லை. "கேன்சல்" என்று சொல்ல வந்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். எதைக் கேன்சல் செய்ய என்று அது திருப்பிக் கேட்டால்? கேட்பதற்குள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினால்?

"சாரி, ஐ டிட் நாட் கேட்ச் தட்" என்றது கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"அம்மா! அத நோண்டாதீங்கலா!" என்று தனுஜா கத்தினாள். யாரோ சிரித்தார்கள். நாதஸ்வரம் மறுபடி எழுந்தது.

"பாருங்க" என்று மனோரஞ்சிதம் சொல்வது கேட்டது. "தட்டு மாத்துறப்ப மேளம் நிக்கக் கூடாது. என் மூத்தவளுக்கு நடுவுல நின்னுச்சு, இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறல."

என் கை அப்போது பிளக்கில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உருண்டை செத்துவிடும். மேளமும் செத்துவிடும். என் பெண்ணின் தட்டு மாறும் நேரத்தில் அந்த அம்மாள் வாயாலேயே அபசகுனம் என்று சொல்ல வைப்பேனா? இழுக்காவிட்டால் சபை நடுவே என் நோய் பேசும். பெண் வீட்டில் பொய் சொன்னார்கள் என்று எழுந்து போவார்கள். தனுஜாவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்து அண்ணனுக்குச் சைகை காட்டினேன். அவர் முறைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் கழிச்சு மாத்தலாமே."

"ஏன்?"

"கேசரி... இன்னும் சூடாவல."

"ராகு காலம் வாசல்ல நிக்குது, கேசரி சூடாவலையாம்! என்னா வடிவு, கிறுக்கா ஒனக்கு?" அவர் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வேறு பொய் அகப்படவில்லை.

திரும்பவும் பிளக்கிடம் போனேன். பிடித்தேன். விட்டேன். முருகா, கரண்டு போகட்டும், இந்த அடுக்குமாடி முழுக்க இருட்டாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சம்பளம் தீர்ந்த மாதக் கடைசியில்கூட முருகனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூடத்தில் வெற்றிலை, பூ, பழம், சேலை வைத்த தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு இரு பக்கமும் எழுந்து நின்றார்கள். பிளக் என் விரல்களுக்குள் வியர்வையில் வழுக்கியது. இழுத்துவிடலாம் என்று நான் மூச்சைப் பிடித்த நேரம், நாதஸ்வரம் தானாகத் தாழ்ந்தது.

டிங் என்று ஒரு மணிச் சத்தம்.

"வடிவு, ஹியர்ஸ் யுவர் ரிமைண்டர்." அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், தேன் தடவிய பெண் குரலில், என் பெயர். என் கை பிளக்கை விட்டுவிட்டு இடது மார்பைப் பொத்திக்கொண்டது. கால்கள் தாமாக என்னை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தின. "டுமாரோ, எய்ட் ஓ கிளாக், ஜி.எச்., கேத்தி டெஸ்ட், டோண்ட் ஈட்."

ஒரு தடவை போதாது என்று அது மறுபடியும் முழுவதையும் சொன்னது. கேத்தி டெஸ்ட். டோண்ட் ஈட். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நாதஸ்வரம் விட்ட இடத்தில் இருந்து முழங்கியது.

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்: "யாரு வடிவு, கேத்தி?"

கட்டி என்று நான் சொன்னது அந்த வெள்ளைக்கார உருண்டையின் காதில் கேத்தி என்று விழுந்திருக்கிறது. அது புரிய எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது.

"எங்க லைன்ல வேலை செய்ற சீனப் பொண்ணு அண்ணே. நாளைக்கு அவளுக்கு... டெஸ்ட்டு. நான் தொணைக்குப் போறேன்."

"கேத்தியத் திங்காதேன்னு சொல்லுதே!" என்றார் மனோரஞ்சிதத்தின் கணவர் அய்யாக்கண்ணு. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே தட்டு கை மாறியது. தனுஜாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மனோரஞ்சிதம் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் என் மார்பின் மேலேயே இருந்தது. சுட்டதுபோல் எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் சமையலறைக்கு வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். காலில் விழுந்தாவது தனுஜாவைக் கைவிட வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும், நோய் எனக்குத்தான், அவளுக்கு இல்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் மனோரஞ்சிதம், மெதுவாக.

நான் கேசரிக் கரண்டியை எடுத்தேன்.

"கேத்திக்கு டெஸ்ட்டுன்னா நீங்க ஏன் உங்க மார்ல கை வைக்கிறீங்க? எங்க வீட்லயும் இந்தச் சாமான் இருக்கு. நான் கறின்னா அது கேரின்னும். கட்டிதானே?"

தலையை ஆட்டினேன். "இடது பக்கம்."

"எனக்கு வலது." அவர் தன் சேலைத் தலைப்பின் மேல் கையை வைத்து அழுத்திக் காட்டினார். அங்கே துணி மட்டும்தான் அழுந்தியது. "எடுத்து ஆறு வருசம் ஆச்சு. ரவிக்கைக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சிருக்கேன். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம். அன்னைக்கு உங்களக் கேட்டேனே, வியாதி இருக்கான்னு? நீங்க என்னக் கேட்டுருவீங்களோன்னு பயந்துதான் நான் முந்திக்கிட்டுக் கேட்டேன்."

அழுதுவிட்டேன். ஆறுதலா, பயமா, எனக்கே தெரியாது. அவருக்கு ஆறு வருடம் கிடைத்திருக்கிறது. எனக்கு என்ன கிடைக்கும் என்று நாளைக்கு எட்டு மணிக்குத்தான் பார்க்கப் போகிறார்கள்.

"காலைல எங்க காடிய ஓட்டிக்கிட்டு வரேன். ஒண்டியா போகாதீங்க" என்றார். "ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி உங்க பொண்ணுக்குத் தெரியணும். எம்மவன்கிட்ட நான் மறைச்சேன். ஆப்பரேசன் ஆன அப்புறந்தான் அவனுக்குத் தெரியும். ஒரு வருசம் என்கூடச் சரியா பேசல."

கூடத்தில் இருந்து தனுஜாவின் குரல் வந்தது. "அம்மா, கேத்தி ஆன்ட்டி யாரும்மா? இத்தன வருசத்துல நீங்க சொன்னதே இல்லையே?" குரலில் விளையாட்டு இல்லை. என் மகள் முட்டாள் இல்லை.

மனோரஞ்சிதம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பேர் முன்னால் பட்ட பயம் இதற்குக் கால்தூசி பெறாது. மறு கையால் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். கூடத்தில் நாதஸ்வரம் நின்றது. பிறகு மகளைக் கூப்பிட்டேன்.