நாற்பத்தொரு முகங்களுக்கு ஒரே சுருள்

கேமராவின் சாவியை முழுதாக முறுக்கினால் உள்ளே இருக்கும் வில் இருபத்தெட்டு விநாடி ஓடும். பிறகு நின்றுவிடும், மறுபடி முறுக்க வேண்டும். மின்சாரம் தேவையில்லை, சுவர்க்கடிகாரம் ஓடுகிற அதே வித்தைதான். நூறடி பிலிம் சுருளில் நாலாயிரம் படக்கட்டங்கள். விநாடிக்கு இருபத்துநாலு கட்டம் ஓடினால் நூற்று அறுபத்தாறு விநாடிக்குப் போதும். ஓசூருக்குப் பக்கத்தில் புது ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த மேட்டில் அன்று காலை நான் நின்றபோது, அப்படி ஒரே ஒரு சுருள்தான் மிஞ்சியிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. அடுத்தது வர ஆறு மாதம் ஆகும்.

அதற்குள் நாற்பத்தொரு முகங்களை அடக்க வேண்டும்.

வரைந்தவர் ராயப்பன். அறுபத்தைந்து வயதிருக்கும். வீடு கிடையாது, பாதைக்கென்று அடுக்கியிருந்த சிலீப்பர் கட்டைகளின் ஓரத்தில் சாக்கு விரித்துப் படுப்பார். இளவயதில் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்ததும், மூன்று மாத வேலை என்று சொல்லி அவர் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி, சயாம் காட்டில் ரயில் போடக் கொண்டுபோனார்கள். போனது நாற்பத்திரண்டு பேர். திரும்பியது அவர் மட்டும். அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இந்த நாற்பத்தொரு பேருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர்கள் முகம் இருந்த ஒரே இடம் ராயப்பனின் தலைக்குள்தான்.

ஓசூரில் ரயில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து நடந்தே வந்துவிட்டார். தார் எண்ணெய் ஊறிய கட்டை நல்ல கறுப்பு. சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தால் பளீரென்று நிற்கும். லாரி ஒரு வரிசை இறக்கினால் அதன்மேல் கட்டைக்கு ஒரு முகமாக வரைவார். அடுத்த வரிசை வந்து மூடிவிடும். காற்றோட்டத்துக்காக நடுவே சட்டம் வைத்து அடுக்குவதால் சுண்ணாம்பு உரசிப் போகாது.

அவரைப் பற்றி இரண்டு மாதமாக ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடுவது, நடப்பது, சந்தைச் சுவரில் வரைந்து விரட்டப்படுவது எல்லாம் எடுத்தாயிற்று. முகங்களை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். கட்டைகளைப் பதித்துத் தண்டவாளம் போட்டதும், டிராலியில் கேமராவோடு உருண்டுபோனால் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவருமே! அதை நினைத்து மூன்று நாளாகத் தூக்கமில்லை.

வேலைக்காரர்கள் அடுக்கைப் பிரித்தார்கள். ஜல்லி சுமக்கும் சென்னம்மாள் முதல் முகத்தைப் பார்த்ததும் கூடையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"அய்யய்யே, ஆளு மூஞ்சி! இதும்மேல காலு வெச்சா ஜல்லி கொட்டறது? என்னால ஆவாது."

செத்தவர்கள் என்று தெரிந்ததும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். எனக்குச் சுருக்கென்றது. டிராலியைத் தள்ளுகிறவர்களும் அந்த முகங்களை மிதித்துக்கொண்டுதான் ஓடியிருப்பார்கள். இரண்டு மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"குப்புறப் போட்டுட்டா?" என்றாள் சென்னம்மாள்.

மேஸ்திரி திம்மப்பன் பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். தண்டவாளம் நேராக நிற்பதில்லை, சக்கரத்தின் சரிவுக்கேற்ப உள்பக்கம் துளி சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுக்காகக் கட்டையின் மேல்பக்கத்தை இரண்டு இடத்தில் செதுக்கித்தான் கொண்டுவருகிறார்கள், ஆகவே திருப்ப முடியாது...

"எனக்கே பாடமா சாமி?" என்றார் திம்மப்பன். "தண்ணி ஊத்திக் கழுவுங்க. மத்தியானத்துக்குள்ள இந்த அடுக்கு காலியாவணும்."

"மேஸ்திரி, ஒரே ஒரு நாள்!" என்று கெஞ்சினேன்.

"ரயிலு உனுக்காக நிக்குமா?"

"ரயிலே இன்னும் வரலியேண்ணா" என்றாள் சென்னம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் அசையவில்லை.

ராயப்பன் எழுந்து வந்தார். "கழுவட்டும். மிதிபடறதுக்கு அதுவே மேலு. அங்க மிதி வாங்கனது போதும். ஆனா பொட்டிக்காரரே, உம்ம பொட்டி ஒருவாட்டி எல்லாரையும் பாத்துடணும். மறுபடி வரையறப்ப அத்தன பேரும் நெனப்புல வருவாங்களோ என்னவோ."

சென்னம்மாள் அடுக்கைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். "எப்பிடியும் ஒண்ணொண்ணாத் தூக்கிக்கினுதான போவணும்? நீ வழியில நில்லு. மூஞ்சிய உன் பக்கம் காட்டிக்கினு போறாங்க. அப்பறம் கழுவிக்கலாம்."

நான் குதித்தே விட்டேன். கேமரா போகவேண்டியதில்லை, கட்டைகள் நடக்கட்டும்! மண்ணில் கணக்குப் போட்டேன். முகத்துக்கு நாலு விநாடி. நாற்பத்தொன்றுக்கு நூற்று அறுபத்துநாலு. இரண்டு விநாடி மிச்சம்! ஒரு முறுக்குக்கு ஏழு கட்டை. நான் முறுக்குவதற்குள் அடுத்த ஏழைத் தூக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். சுருளை வெளிச்சத்தில்தான் மாட்டுகிறோம். வெளிச்சம் பட்ட முனைகள் வெளுத்துவிடும். முன்முனைக்கு அந்த மிச்ச இரண்டு விநாடி போய்விடும், ஆகவே கடைசி முகத்துக்கு உத்தரவாதம் இல்லை. யாரைக் கடைசியில் விடுவது என்று ராயப்பனிடம் கேட்டேன்.

"கிராணி" என்றார் உடனே. "தோட்டத்துக் கணக்கப்பிள்ள. எங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்தவனே அவன்தான். ஆளு பத்தலன்னு கடைசில அவனையும் ஏத்திட்டாங்க. அவனும் அங்கதான் செத்தான், எண்ணிக்கையில விட முடியாது. வெளிச்சம் தின்னா தின்னட்டும்."

அந்தக் கட்டை ஓரமாகப் போனது. அடுக்குக்கும் பாதைக்கும் நடுவே கேமராவை நிறுத்தினேன். இரண்டிரண்டு பேராகக் கட்டையை நெட்டுக்குத்தாகத் திருப்பித் தூக்கினார்கள்.

"தலைகீழாப் புடிக்காதீங்கடா! பாவம், அவரு ரத்தம் மூஞ்சிக்கு ஏறிடும்" என்று சென்னம்மாள் அதட்டினாள்.

கேமரா கிர்ரென்று ஓடியது. ஒரு கட்டைக்கு நாலு விநாடி தப்பக்கூடாது என்று திம்மப்பனே கையைத் தட்டிக் கன்னடத்தில் எண்ண ஆரம்பித்தார். "ஒந்து, எரடு, மூரு, நால்கு! ஒந்து, எரடு..." ஒவ்வொரு முகம் கடக்கும்போதும் ராயப்பன் பெயர் சொன்னார். "காத்தான். அங்கம்மா. சவரிமுத்து. அவன் தம்பி." கேமராவுக்குக் காது இல்லை. ஆனால் தூக்கிப் போனவர்களுக்கு இருந்தது. தங்கள் கையிலிருந்தவரின் பெயரைத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். முறுக்கு, ஏழு. முறுக்கு, ஏழு. என் விரல் தோல் உரிந்தது. ஆறாவது முறுக்கில் ஐந்து முகம் போய், கடைசியாகக் கிராணி வந்தான். வகிடெடுத்த தலை, காதில் பென்சில்.

"இவரு பேரு?" என்றாள் சென்னம்மாள்.

ராயப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

கிராணி கடந்தான். உடனே கேமராவின் சத்தம் லேசானது. சுருள் தீர்ந்துவிட்டது.

பிறகு கழுவினார்கள். வெள்ளைத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கியது.

மூன்று வாரம் கழித்துப் பெங்களூரிலிருந்து படம் கழுவி வந்தது. பொழுது சாய்ந்ததும் வேலைக்காரர்களின் கொட்டகையில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தை ஓட்டினேன். முகங்கள் நடந்து வந்தன. ஒவ்வொன்றையும் திம்மப்பன் சத்தமாக எண்ணினார். நாற்பதும் தெளிவு. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கிராணி வந்தான். எல்லோரையும்விடத் துல்லியம்! காதுப் பென்சிலின் முனைகூடத் தெரிந்தது. அவன் திரையைத் தாண்டிய பிறகுதான் வெள்ளை வெடித்தது.

ராயப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீரா பொட்டிக்காரரே! வெளிச்சத்துக்கே தப்பிச்சிட்டான் பய!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"மறுபடி ஓட்டும். இந்த வாட்டி அவன் பேரையும் சொல்லிடறேன்."

நான் சுருளைத் திருப்பிச் சுற்றினேன்.