சிவப்பு நூல் கட்டிய குடை

சாக்குத் தைத்துக் காய்த்துப்போன கையோடு பாராசூட் மடிக்கிற வேலைக்கு வந்தவள் இவோன். பிரெஞ்சுப் படை இருந்த சைகோனில், கான் ஹொய் துறைமுகத்தில், பிழைக்க வந்த தமிழரான அவள் அப்பா அரிசி மூட்டை தூக்கினார். பிய்ந்த சாக்குகளை அவள் தைத்தாள். டான் சோன் நாட் விமானத்தளத்து மடிப்புக் கொட்டகையில் அந்த வெள்ளைத் துணியை முதன்முதலாகப் பார்த்தபோது, நகம் பட்டுக் கிழிந்துவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

கொட்டகைக்குள் போகுமுன் வளையல், மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஓர் ஊசி உள்ளே விழுந்தாலும் கயிறு சிக்கும், குடை விரியாது, குதித்தவனைக் கூட்டி அள்ளத்தான் வேண்டும். இவோனுக்கு இது மனப்பாடம்.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் சனிக்கிழமை ஒரு குடையின் மடிப்புக்குள் வேளாங்கண்ணி மாதா பதக்கத்தைச் செருகினாள்.

எல்லாம் தம்பி ஆந்துவானுக்காக. தலாத் மலைமேல் படை அதிகாரிப் பள்ளியில் படிக்கிறவன், கோடைப் பயிற்சிக்குச் சைகோன் வந்திருந்தான். கோடை என்பதெல்லாம் பிரான்சில்தான், இங்கே ஊர் மழையில் ஊறிக்கிடந்தது. குதித்தால் அதிகாரி. விமானக் கதவருகே தயங்கினால் வெறும் சிப்பாய். வடக்கே சண்டைக்குப் போன சிப்பாய்களில் பாதிப்பேர் திரும்பவில்லை.

குடைப் பையின் பிடியில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தாள். மறுநாள் மதியம் தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"செவப்பு நூல் கட்டுனது ஒண்ணு இருக்கும். அத எடுத்துக்கடா."

"யக்கா, அது என்னா மீன் சந்தையா, செவுளத் தூக்கிப் பாத்து வாங்க? மேல இருக்குறத மாட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். ஏன், அதுல என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொழம்ப ஊத்திக்க."

கொட்டகை விதி ஊசிக்குத்தான், மாதாவுக்கு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கள் காலை பயிற்சி மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அடுக்கிலிருந்து குடைகள் போய்க்கொண்டே இருந்தன. சிவப்பு நூல், பப்பாளித் தண்டு மாதிரி ஒல்லியாயிருந்த ஒரு வியட்நாமியப் பையன் முதுகில் ஏறியது. அவன் திரும்பி வேலிப் பக்கம் கையாட்டினான். அங்கே கூம்புத் தொப்பியும் வாழையிலைப் பொட்டலமுமாக ஒருத்தி நின்றிருந்தாள். அவன் அம்மாவாக இருக்கவேண்டும்.

"என்னாடி பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் கூட மடிக்கிற எலென். "ஒந்தம்பி அந்தக் கடைசியில நிக்கிறான், அங்க பாரு."

இவோன் அங்கே பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், முதுகு விட்டுப்போய்ப் படுத்திருக்கும் அப்பாவின் கஞ்சி போகும், தம்பிக்கும் தலைகுனிவு. திறக்காவிட்டால் வேலியோரம் நிற்கிறவளின் பிள்ளை.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். தமிழில் கத்தியது புரிந்து, பிரெஞ்சில் மறுபடி கத்தினாள்.

கொட்டகைப் பொறுப்பாளரான பிரெஞ்சுக்காரரை எல்லோரும் அஜுதான் என்று பதவிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பையை வாங்கி நீள மேசைமேல் பிரித்தார். வெள்ளை பொங்கி வழிந்தது. கயிறுகளுக்கு நடுவிலிருந்து பதக்கம் சிமெண்டில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பொறுக்கி அவள் கையில் வைத்தார்.

"மடி" என்றார். "இவர்கள் பார்க்கட்டும்."

மடித்தாள். கயிற்றை நீவி, துணியை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, காற்றைத் தள்ளி, பைக்குள் இறக்கிக் கட்டினாள்.

"யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று அஜுதான் வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

ஒல்லிப் பையன் ஓரடி பின்னால் போனான். அவனை யாரும் குறை சொல்லவில்லை. கடைசியிலிருந்து ஆந்துவான் வந்தான். முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டான்:

"மாதாவ எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்டா."

"அப்ப ஒன் கைய நம்பித்தான் போறேன். ஆனா யக்கா, நீ தச்ச சாக்கு ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்ல. இது பிரியணும், ஞாபகம் இருக்கட்டும்."

"போடா எருமை" என்றாள். வார்களை இறுக்கிவிட்டாள்.

டக்கோட்டா விமானம் மேகத்துக்கடியில் சுற்றி வந்தது. புள்ளி புள்ளியாக விழுந்தார்கள், குடைகள் விரிந்தன. "கடைசி ஆள்" என்று அஜுதான் விரல் நீட்டினார்.

இவோன் மடித்த குடைகள் எத்தனையோ பேரைச் சுமந்திருக்கும். ஆனால் தன்னுடையது இன்னதென்று தெரிந்து ஒன்று விரிவதை அவள் கண்டதே இல்லை. அந்தப் புள்ளி கல்லாக வந்தது. பின்னால் ஒரு வெள்ளை நாக்கு நீண்டு துடித்தது. சட்டென்று வானம் அதை வாய்கொள்ள ஊதியது. அவள் கைக்குள் அடங்கிக் கிடந்த துணியா அது? ஒரு கோயில் கூரை அளவுக்கு விரிந்து, ஓர் ஆளைத் தொட்டில் பிள்ளையாக ஆட்டிக்கொண்டு நின்றது. பாறையைப் பஞ்சாக்கிய மாதிரி இருந்தது அவளுக்கு.

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றார் அஜுதான். அவரும் அண்ணாந்துதான் நின்றிருந்தார்.

தலையசைத்தாள், கண்ணை இறக்காமலே. கான் ஹொய்க் கிட்டங்கியில் சாக்கு ஊசி காத்துக்கொண்டுதான் இருக்கும். மாதாவைக் கூப்பிடவே மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதக்கம் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆந்துவான் கால்கள் இன்னும் தரையைத் தொடவில்லை.